எந்த ஆஸ்பத்திரிக்கு?

நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். எந்தச் சரக்கை வாங்குவதானாலும் நாலு கடை ஏறி இறங்கி, தரம் பார்த்து, விலை விசாரித்து, பிடித்தால் வாங்குவோம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவோம். இது நம் பழக்கம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் இந்தப் பழக்கம் செல்லாத இடம் ஒன்று உண்டு என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் நான் கற்றுக்கொண்டேன். அதை இங்கே சொல்லி, அதிலிருந்து எழும் கேள்வியை வாசக அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஜவுளிக் கடை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. நானும் இன்னொருவரும் கூட்டு. என்னைவிட மூத்தவர், நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். ஒரு நாள் இரவு கடையடைக்கும் நேரத்தில், கல்லாவில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தவர், "நெஞ்சு என்னமோ பண்ணுது தம்பி" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. அவருடைய மகன் உடனே 995க்குப் போன் செய்தான். வண்டியும் சீக்கிரமே வந்து சேர்ந்தது.

வண்டியில் வந்தவர்களின் தலைவர் ஓர் இளைஞர். வந்தவுடன் காக்காவின் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இருதயத்தின் ஓட்டத்தைக் காட்டும் ஈ.சி.ஜி. படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "கிளம்பவேண்டும்" என்றார். எங்கே என்று கேட்டேன். ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாச்சா, வாப்பாவை எப்பவும் பார்க்கிற டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்க. செலவைப் பத்திக் கவலையில்லேன்னு சொல்லுங்க" என்றான். அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காக்காவின் பழைய கடுதாசியெல்லாம் அங்கேதான் இருந்தது. பையன் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த இளைஞரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "ஐயா, உங்கள் டாக்டர் கெட்டிக்காரராக இருக்கலாம். இந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போகிற இடத்தில் ஆட்கள் தயாராக இருப்பார்கள். இந்தப் படத்தை இப்போதே அவர்களுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து கதவை விடுங்கள்."

நான் உடனே விடவில்லை. பணம் என்றேன், உரிமை என்றேன், எங்கள் பேச்சைக் கேட்காமல் எப்படிக் கொண்டுபோகலாம் என்றேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். பிறகு அந்த இளைஞர் சொன்ன இடத்துக்கே வண்டி போயிற்று.

காக்கா பிழைத்தார். ஆனால் இருதயத்தின் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இன்று அவரால் கடையின் மாடிப்படி ஏற முடியாது. அந்த ஐந்து நிமிடத்தால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதற்கு முன்பே வலியைப் பொறுத்துக்கொண்டு கல்லாவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ! ஆனாலும் கதவைப் பிடித்த கை என் கை. ஆகவே, நோயாளியை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் நியாயம் யாருக்கு உண்டு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. இதைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் நான் தெளிந்த அளவில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்குச் சாதாரணமாக மூன்று விடைகள் சொல்வார்கள். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது ஒன்று. நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது இரண்டாவது. நோயாளியும் வீட்டாரும் கேட்கிற ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிட்ட இருப்பதே சரி என்பது பல சமயங்களில் உண்மை. மூச்சு அடைபட்டு, வண்டியில் வந்தவர்களால் திறக்க முடியாவிட்டால் வேறு யோசனைக்கே இடமில்லை. முதலில் தென்படும் கதவுதான் கதவு. ஆனால் எல்லா நோயும் அப்படியன்று. பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தாலும் பக்கவாதம் வரும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு. நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால் இரத்தம் கசிகிறவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று அறிய மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரம் வேண்டும். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவரும் அதே நேரத்தில் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலேயே இருந்தாலும் அந்த நோயாளிக்கு அது தூரம்தான்.

லண்டன் மாநகரில் இதை நடத்திக் காட்டினார்கள். முன்னே அங்கே பக்கவாத நோயாளிகளைச் சுமார் 30 ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்டிருந்தன. 2010ஆம் ஆண்டில் அந்த ஏற்பாட்டை மாற்றி, இரவும் பகலும் தயாராக உள்ள 8 நிலையங்களை மட்டும் அதற்கென்று ஒதுக்கினார்கள். கிட்ட உள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு அந்த எட்டில் ஒன்றுக்கு வண்டி போகவேண்டும் என்று விதித்தார்கள். "வாசலில் இருக்கிற ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எங்கேயோ கொண்டுபோகிறார்களே" என்று அங்கேயும் ஜனங்கள் கவலைப்பட்டிருப்பார்கள். ஆனால் இந்த மாற்றத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டவர்கள், லண்டனில் பக்கவாதத்தால் இறப்பவர்கள் குறைந்ததாகவே கண்டார்கள்.

அப்படியானால் நல்ல ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரியா? இங்கே "நல்ல" என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று கேட்கவேண்டும். நாம் நல்லது என்று சொல்வது பெரும்பாலும் பெயரை வைத்துத்தான். கட்டடம் அழகாக இருக்கும். உறவினர் ஒருவர் அங்கே சுகமடைந்திருப்பார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மாரடைப்பு வந்தவருக்கு, அடைபட்ட குழாயை உள்ளிருந்து திறக்கத் தெரிந்த குழு அந்த நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிற இடம்தான் நல்ல ஆஸ்பத்திரி. நோயாளி வாசலுக்கு வந்து 90 நிமிடத்துக்குள் குழாய் திறந்திருக்கவேண்டும் என்று பல நாடுகளில் இலக்கு வைத்திருக்கிறார்கள். நம் சிங்கப்பூரிலேயே கைக்குழந்தைக்கு நல்லது கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக இருக்கலாம்; கடுமையான தீக்காயத்துக்கு நல்லது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் தீக்காய நிலையமாக இருக்கலாம். எல்லாருக்கும் எப்போதும் நல்லதான ஆஸ்பத்திரி என்று ஒன்று இல்லை. இந்த உடம்புக்கு, இந்த நோய்க்கு, இந்த மணிக்கு ஏற்றது எது என்றுதான் கேட்கவேண்டும். இங்கே 995 வண்டிகளை நடத்தும் குடிமைத் தற்காப்புப் படையும், பொதுவாகக் கிட்ட உள்ள ஏற்ற பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்ற முறையைத்தான் பின்பற்றுகிறது. வீட்டார் விரும்பும் இடத்துக்கெல்லாம் அது போவதில்லை.

மூன்றாவது விடைதான் வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் பிடித்தது. பணம் கொடுப்பவன் நான், தேர்ந்தெடுப்பவனும் நானே என்பது. ஆனால் ஒரு வியாபாரம் நியாயமாக நடக்க என்ன வேண்டும் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். வாங்குபவனுக்கு யோசிக்க அவகாசம் இருக்கவேண்டும். சரக்கைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கவேண்டும். வேண்டாம் என்று எழுந்து போகும் வசதி இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் பேரம் பேரமாகும். இல்லாவிட்டால் அது வெறும் தவிப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவருக்கு அவகாசமுமில்லை, சரக்கைப் பற்றிய அறிவுமில்லை, எழுந்து போகும் வசதியும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? ஒரு டாக்டரின் பெயரும் ஓர் ஆஸ்பத்திரியின் விலாசமும் தெரியும். ஈ.சி.ஜி. படம் என்ன சொல்லிற்று என்று தெரியாது. அறியாமையோடு பிடிவாதமும் சேர்ந்ததை நான் உரிமை என்று எண்ணிக்கொண்டேன்.

பணமே வழி சொல்லட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1980களில், காப்புறுதியும் கையில் காசும் இல்லாத நோயாளிகளைத் தனியார் ஆஸ்பத்திரிகள் சிகிச்சையை முடிக்காமலே பொது ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றி அனுப்பிவந்தன. சிகாகோ நகரின் குக் கவுண்ட்டி ஆஸ்பத்திரிக்கு அப்படி வந்து இறங்கியவர்கள் ஏராளம். அந்த அநியாயம் பெரிதாகப் பேசப்பட்டு, 1986இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அவசரத்தில் வாசலுக்கு வந்தவரைக் காசு பார்க்காமல் பரிசோதித்து, உடல்நிலையை ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். இன்னொரு பக்கம், நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டிக்காரருக்கு ஆஸ்பத்திரி தரகு கொடுக்கிற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. அந்த ஊர்களில் வண்டி எங்கே திரும்புகிறது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. "பணத்தைப் பற்றிக் கவலையில்லை" என்று நான் வண்டியின் கதவில் நின்று சொன்னபோது, பணம் இல்லாதவனுக்கு அதே கதவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பணக்காரனுக்காக வளையாத விதிதான் ஏழைக்கும் காவல். நமக்கே ஒரு நாள் தொழில் நொடிக்கலாம். அன்று நம்மைக் காப்பதும் அந்த விதிதான்.

இன்னும் ஒன்று. வண்டிக்குள் இருப்பவரை மட்டும் வண்டிக்காரர் எண்ணினால் போதாது. கேட்ட ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வண்டி போனால், அது திரும்பி வரும்வரை அந்த வட்டாரத்தில் வேறொருவர் காத்துக்கிடக்கவேண்டும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது; அவருடைய மகனும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஆஸ்பத்திரிகளும் இதே கணக்குக்கு உட்பட்டவை. அமெரிக்காவின் பல நகரங்களில், இடம் நிரம்பிய ஆஸ்பத்திரி "இங்கே வராதீர்கள்" என்று வண்டிகளைத் திருப்பிவிடும் வழக்கம் இருந்தது. ஒன்று கதவை மூடினால் அந்தப் பாரமெல்லாம் அடுத்ததன் மேல் விழும், அதுவும் மூடும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2009ஆம் ஆண்டு தொடக்கம் முதல் இதைப் பொதுவாகத் தடைசெய்தது. எல்லாரும் கதவைத் திறந்து வைத்தபோது, பலர் பயந்ததுபோல் கூட்டம் தாங்க முடியாமற் போய்விடவில்லை. தன் பாரத்தைப் பக்கத்து வீட்டில் இறக்கிவைப்பதை எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால், பாரம் தாங்கக்கூடியதாகிவிடுகிறது.

"அப்படியானால் வண்டியில் வருபவர்கள் தவறே செய்யமாட்டார்களா?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். செய்வார்கள். அவர்களும் மனிதர்களே, பத்து நிமிடத்தில், அரைகுறை வெளிச்சத்தில், அழுகிற குடும்பத்தின் நடுவே தீர்மானிக்கிறார்கள். அது மட்டுமன்று, எது சரி என்று அறிஞர்களுக்கே விளங்காத இடங்களும் உண்டு. ஸ்பெயின் தேசத்தின் கத்தலோனியாவில், நகரத்துக்கு வெளியே பெரிய அடைப்பால் பக்கவாதம் வந்ததாகத் தோன்றியவர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினரை அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்கக்கூடிய கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கும், மற்றப் பிரிவினரை அடைப்பையே இழுத்து எடுக்கக்கூடிய தூரத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். 2022இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதம் கழித்து இரு பிரிவினரின் நிலையிலும் வித்தியாசம் காணவில்லை. லண்டனுக்கு ஏற்றது எல்லா ஊருக்கும் அப்படியே ஏற்கும் என்பதில்லை. தூரம், சாலை, ஆள் பலம் எல்லாவற்றையும் வைத்து ஒவ்வோர் ஊரும் தன் கணக்கைத் தானே போடவேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு தீர்மானத்தை அதன் முடிவை மட்டும் வைத்து மதிப்பிடலாகாது. இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். நன்கு விசாரித்து, நாணயமானவர் என்று அறிந்து ஒருவருக்குக் கடன் கொடுக்கிறோம். அவர் கடை தீப்பிடித்து நொடித்துப்போனால் கொடுத்தவனை முட்டாள் என்று சொல்லமாட்டோம். ஒன்றும் விசாரிக்காமல் கொடுத்தவனுக்குப் பணம் திரும்பி வந்துவிட்டால் அவனைப் புத்திசாலி என்றும் சொல்லமாட்டோம். வண்டியில் வந்தவர் பார்க்கவேண்டியதைப் பார்த்தாரா, கேட்கவேண்டியதைக் கேட்டாரா, தன் லாபத்தைக் கருதாமல் தீர்மானித்தாரா என்பதே கேள்வி. ஆம் என்றால், முடிவு எப்படி ஆனாலும் அவர் தம் கடமையைச் செய்தவர்.

இதற்கு மறுபுறமாக, நம்மிடமிருந்து தீர்மானத்தை வாங்கிக்கொள்பவர்களும் நமக்குக் கடமைப்பட்டவர்கள். எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி என்ற விதியைத் தெருவோரத்தில் உண்டாக்கக்கூடாது. அமைதியாக உட்கார்ந்து, பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் எண்ணிப் பார்த்து, முன்கூட்டியே வகுக்கவேண்டும். அந்த விதி மறைவாக இருக்கக்கூடாது. தவறு நடந்தால் மூடி மறைக்காமல் ஆராய்ந்து திருத்தவேண்டும். விதியை வகுத்தவருக்கோ வண்டி ஓட்டுபவருக்கோ அதில் ஆதாயம் இருக்கக்கூடாது. இந்த நிபந்தனைகள் இருக்கும் இடத்தில் அந்த இளைஞரின் சொல்லுக்குக் கட்டுப்படுவது அடிமைத்தனமன்று. நம்பத் தகுந்தவரிடம் நம்பி ஒப்படைப்பதாகும். இவை இல்லாத இடத்தில் கேள்வி கேட்பது நம் கடமையே. அதையும் வண்டி வருவதற்கு முன்பே, பத்திரிகையிலும் கூட்டத்திலும் கேட்கவேண்டும்.

நோயாளியின் விருப்பத்துக்கு இடமே இல்லையா? உண்டு. சுய நினைவோடு இருக்கிறவர், விஷயத்தை விளங்கிக்கொண்டு "நான் வரவில்லை" என்றால், அவரைக் கட்டி இழுத்துப் போவது முறையன்று. தீராத நோயால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர் ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று நினைக்கலாம். அதை டாக்டரோடும் பிள்ளைகளோடும் முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. உயிருக்கு ஆபத்தில்லாத காரியத்துக்கு 995ஐ அழைக்கவே கூடாது. அதற்கு 1777 என்ற எண் இருக்கிறது. தனியார் வண்டி வரும், விரும்பிய ஆஸ்பத்திரிக்குப் போகும், கட்டணம் நாம் கொடுப்போம். அங்கே நம் தேர்வு தாராளமாகச் செல்லும்.

அவசரத்தில் வீட்டாரால் கொடுக்கக்கூடியது வேறொன்று இருக்கிறது. அது கட்டளையைவிட எத்தனையோ மடங்கு பயனுள்ளது. நோய் எப்போது தொடங்கியது? கடைசியாக எந்த மணிக்கு நன்றாக இருந்தார்? என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? முன்பு என்ன சிகிச்சை நடந்தது? இவற்றை வண்டியில் வந்தவர் எந்தக் கருவியாலும் அறிய முடியாது. அவர் எங்கே திரும்புவது என்று தீர்மானிக்க உதவுவதும் இவைதான். அன்றிரவு காக்காவுக்கு வலி எப்போது தொடங்கியது என்று அந்த இளைஞர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் ஆஸ்பத்திரியின் பெயரைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல மாதங்கள் கழித்து ஒரு நாள், மனம் பொறுக்காமல் காக்காவிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் எங்கே கொண்டு போறதுன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க தம்பி. எனக்கு எங்கேயாவது போனாப் போதும்னு இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவர் மனத்தில் இருந்தது அதுதான். அவருடைய விருப்பத்துக்காக வாதாடுகிறேன் என்று நினைத்தேன். அவர் விருப்பம் என்னவென்று அவரிடமே நான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. காக்காவும் நானும், கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்தின் பெயரும், ஒத்துக்கொள்ளாத மருந்தும், வீட்டாரின் போன் நம்பரும் அதில் எழுதியிருக்கின்றன. ஆஸ்பத்திரியின் பெயர் எதையும் எழுதவில்லை. அன்பர்களும் தங்கள் கடையிலும் வீட்டிலும் இப்படி ஓர் அட்டை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.